அம்மாவுக்கு நாய்க்குட்டி வாங்கிக் கொடுக்கலாமா?

மதிப்புக்குரிய ஆலோசகருக்கு,

நான் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலை செய்கிறேன். அம்மா தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) தனியாக இருக்கிறார். வயது 58. ஐந்து மாதத்துக்கு முன் அப்பா மாரடைப்பில் போய்விட்டார். அதிலிருந்து அம்மா கொழுந்து பறிக்கப் போவதில்லை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்து அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறார், பகலில் படுத்தே கிடக்கிறார். தேத்தண்ணியும் ஒரு துண்டு ரொட்டியும்தான் சாப்பாடு. ஆள் மெலிந்துவிட்டார். போன வாரம் ஃபோனில், "நானும் அவரோடயே போயிருந்தா நல்லா இருந்திருக்கும்" என்றார். கொழும்புக்கு வாங்க என்றால் வரமாட்டேன் என்கிறார்.

பக்கத்துக் காம்பராக்காரர்கள் புதுவீட்டுக்குக் குடிபோனபோது விட்டுப்போன பெட்டை நாய் ஒன்று எங்கள் இஸ்தோப்பில் (வாசல் திண்ணையில்) வந்து படுக்கிறது. அதற்கு மட்டும் அம்மா தவறாமல் சோறு வைக்கிறார். நாய் வளர்த்தால் மனச்சோர்வு குறையும் என்று வாசித்தேன். ஒரு லாப்ரடோர் குட்டி வாங்கிக் கொடுக்கக் காசு சேர்த்து வைத்திருக்கிறேன். கொடுக்கலாமா?

– மகன், கொழும்பு

அன்புள்ள தம்பிக்கு,

நாய் விஷயத்துக்கு முதல், அம்மா ஃபோனில் சொன்னதைப் பார்ப்போம். துக்கத்தில் பலர் அப்படிச் சொல்வதுண்டு. ஆனாலும் அதைக் கேட்டும் கேளாதது போல விடக்கூடாது. இந்த வாரமே லீவு எடுத்து வீட்டுக்குப் போங்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, உயிரை விட்டுடணும்னு நெனப்பு வருதா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. மனதுக்குள் இருப்பது வெளியே வர வழி கிடைக்கும். வீட்டில் புல்லுமருந்து, பூச்சிமருந்து, அப்பாவின் மிச்சக் குளிசைகள் இருந்தால் அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். ஆம் என்று சொன்னால் தனியே விடாமல் உடனே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் பேசலாம்.

இல்லை என்று சொன்னாலும் கிளினிக் வேண்டும். விடியுமுன் விழிப்பு, பசியின்மை, மெலிவு, வேலையை விட்டது எல்லாம் சேர்ந்து இத்தனை மாதம் நீடித்தால் அது சாதாரணத் துக்கத்தைத் தாண்டிய மனச்சோர்வாக இருக்கலாம். அரச ஆதார வைத்தியசாலையில் உளநலப் பிரிவைக் கேளுங்கள். இரத்தசோகையும் தைரொயிட் குறைவும் இதே சோர்வைக் கொடுக்கும் என்பதால் இரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்லுங்கள். மருந்து கொடுத்தால் பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். பத்தே நாளில் "ஒன்னும் கேக்கல" என்று நிறுத்திவிடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

இனி நாய். குட்டி வாங்க வேண்டாம். குட்டி இரவில் அழும், சேலையைக் கடிக்கும், இரண்டு மூன்று மணிக்கொரு தடவை வெளியே விட வேண்டும். ஏற்கெனவே தூக்கம் கெட்டவருக்கு அது இன்னும் கெடும். பார்வோ போன்ற நோய்க்கான ஊசிகள் 16 வார வயது வரை தொடரும். ஒன்று தவறி அந்தக் குட்டி செத்துப்போனால், புருஷனைப் பறிகொடுத்த வீட்டில் அது இரண்டாவது சாவு. லாப்ரடோர் 30 கிலோவுக்கு மேலும் வளரலாம். மழையில் வழுக்கும் லயத்துப் படியில் அது கயிற்றை இழுத்தால் அம்மா விழுந்துவிடுவார்.

அம்மாவுக்கான நாய் இஸ்தோப்பிலேயே இருக்கிறது. தனக்குச் சமைக்காதவர் அதற்குச் சோறு வைக்கிறார் என்றால், அவரை இன்னும் எழுப்பி உட்கார வைக்கிற வேலை அது ஒன்றுதான். நாயினால் வரும் நன்மை பெரும்பாலும் இதில்தான் இருக்கிறது. தடவிக் கொடுப்பதால் வரும் ஆறுதல் உண்மைதான். 2019இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் பத்து நிமிடம் நாய், பூனைகளைத் தடவியபோது உமிழ்நீரில் கோர்டிசோல் என்ற அழுத்த ஹோர்மோன் குறைந்தது. ஆனால் அது அந்த நேரத்து ஆறுதல். நாய் வளர்ப்பதாலேயே மனச்சோர்வு தீருமா என்று பார்த்த ஆய்வுகள் ஒரே மாதிரி முடிவு சொல்லவில்லை. அதனால் சிகிச்சைக்குப் பதிலாக நாய் என்று நினைக்க வேண்டாம்.

மனச்சோர்வில் "மனசு வந்தா எழும்புவேன்" என்று காத்திருந்தால் மனசு வராது. முதலில் உடம்பு எழும்ப வேண்டும், மனசு பிந்தித்தான் வரும். நாய்க்குப் பசி ஒரே நேரத்துக்கு வருவதால் அது இதற்கு நல்ல துணை. நேரத்தை இப்படி வைத்துப் பாருங்கள். காலை ஆறரைக்குச் சோறு, பிறகு வெயில் படும்படி ரோட்டோரம் பத்து நிமிட நடை. காலை வெளிச்சம் தூக்கத்தைச் சீராக்கும். வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டி அரை மணிக்குக் கொண்டு வரலாம். நடக்கும்போது நாலு பேர் நாயைப் பற்றிக் கேட்பார்கள். துக்கம் விசாரிக்கும் பேச்சுக்கு முகம் கொடுக்க முடியாதவருக்கு அந்தப் பேச்சு சுலபம். மாலைச் சோறு ஐந்தரைக்கு. அம்மாவும் அதே நேரம் சாப்பிட வேண்டும் என்று பேசி வையுங்கள்.

12 கிலோ அளவு ஊர்நாய்க்கு வேளைக்கு ஒரு கப் சோறும், உப்பு, வெங்காயம், பூண்டு சேர்க்காமல் அவித்த மீனோ கோழியோ ஒரு கைப்பிடியும் போதும். விலா தெரிந்தால் கூட்டுங்கள். சமைத்த கோழி எலும்பு வேண்டாம், உடைந்து குடலைக் குத்தும்.

குட்டிக்கு வைத்த காசில் முதலில் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். விசர்நாய்த் தடுப்பூசி அரசாங்கத்தில் இலவசம். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டு உடனே போட்டு, வருடாவருடம் போட வேண்டும். மூன்று மாதத்துக்கொரு தடவை எடை பார்த்துப் பூச்சிக்குளிசை. கருத்தடையைத் தள்ளிப் போடாதீர்கள். பெட்டை நாய் குட்டி போட்டால் லயத்தில் சண்டை வரும், அந்தச் சண்டை அம்மாவை இன்னும் ஒதுங்க வைக்கும். யாரையாவது கடித்தாலோ கீறினாலோ, ஊசி போட்ட நாயானாலும், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

மலைநாட்டில் இன்னொன்று. பொழுது சாய்ந்தால் தேயிலை மலைக்குள் சிறுத்தை வரும், அதற்கு நாய் நல்ல இரை. இருட்டுமுன் உள்ளே கட்டுங்கள். அடுப்படி மூலையில் பலகை போட்டு அதன்மேல் சாக்கு போதும். அம்மாவின் படுக்கையில் வேண்டாம், அது புரளும் சத்தத்தில் மூன்று மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிடும்.

கொழும்புக்கு வரச் சொன்னால் இனி "நாய யாரு பாக்குறது?" என்பார். அது வீட்டை விட்டு அசையாமல் இருக்க நல்ல சாட்டாகிவிடும். இப்போதே லயத்தில் ஒருவரைப் பிடித்து, இரண்டு நாள் சோறு வைக்க ஒப்புக்கொள்ள வையுங்கள். பழைய சொந்தக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பிறகு வந்து அவிழ்த்துக்கொண்டு போனால் அம்மா தாங்கமாட்டார்.

நீங்கள் தினமும் எடுக்கும் கோலில் "எப்படி இருக்கீங்க" என்று தொடங்கினால் "இருக்கேன்" என்பதோடு பேச்சு நின்றுவிடும். "இன்னைக்கு அவ என்ன செஞ்சா?" என்று நாயைப் பற்றிக் கேளுங்கள். நாய்க்குச் சோறு வைப்பதும் நின்றுபோனால் நிலைமை இறங்குகிறது என்று எடுத்துக்கொண்டு, கிளினிக் திகதி வரும்வரை காத்திராமல் கூட்டிப் போங்கள். எத்தனை மணிக்கு எழும்பினார், எவ்வளவு நேரம் நடந்தார், என்ன சாப்பிட்டார் என்று ஒரு கொப்பியில் குறித்து வரச் சொல்லுங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று பார்க்க டொக்டருக்கு அது உதவும்.