பழைய ஏர் பிஸ்டல் வாங்கினேன். ட்ரிக்கர் ஒரு நேரம் போல ஒரு நேரம் இல்லை. எங்கிருந்து பார்க்கத் தொடங்குவது?

மூன்று குறை சொல்லியிருக்கிறீர்கள். விரலை எடுத்தால் ட்ரிக்கர் மெதுவாகத்தான் முன்னால் திரும்புகிறது. 500 கிராம் எடைக்கல்லை ஒரு தடவை தாங்குகிறது, அடுத்த தடவை ரிலீஸ் ஆகிவிடுகிறது. இரண்டாம் நிலையின் முட்டு, அதாவது லேசான முதல் இழுப்பு முடிந்து விரல் தடைபடும் இடம், விரலுக்குத் தெரியும் முன்பே சில சமயம் சுட்டுவிடுகிறது. நான் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் சுடுகிறவன். என் முதல் சொந்த பிஸ்டலும் கைமாறி வந்ததுதான், இதே மூன்று குறையோடுதான் வந்தது. அப்போது நான் செய்த பெரிய தப்பு, வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே ஆலன் கீயை எடுத்ததுதான். எந்தத் திருகு முதலில் எங்கே இருந்தது என்று தெரியாமல் இரண்டு வாரம் தவித்தேன்.

முதலில் காற்று. சிலிண்டரைக் கழற்றிவிட்டால் காலி என்று நினைக்க வேண்டாம். பல மாடல்களில் காற்றழுத்தத்தைச் சீராக்கும் ரெகுலேட்டருக்குள் இன்னும் ஓரிரு ஷாட்டுக்குக் காற்று மிச்சமிருக்கும். பேரலில் பெல்லட் (குண்டு) இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் காட்டி, சத்தம் அடங்கும் வரை சுட்டுத் தீர்த்துவிடுங்கள். பெல்லட் டப்பாவை அந்த மேசையில் வைக்கவே கூடாது.

அப்புறம் ஒரு நோட்டு. ஒவ்வொரு திருகையும் உள்ளே முட்டும் வரை மென்மையாகத் திருப்பி, எத்தனை சுற்று என்று எண்ணி எழுதிவிட்டு, அதே அளவு வெளியே கொண்டுவந்து விடுங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். பிறகு எடை. பெல்லட் போடாத பிஸ்டலைக் காக் செய்து (சுடத் தயார் நிலைக்குக் கொண்டுவந்து), பேரலைச் செங்குத்தாகப் பிடித்து, ட்ரிக்கரின் நடுவில் எடையை மாட்டி மெதுவாகத் தூக்குங்கள். நடுவில் என்பது முக்கியம். ட்ரிக்கர் ஒரு நெம்புகோல். நுனியில் மாட்டினால் குறைந்த எடையிலேயே ரிலீஸ் ஆகும், அச்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் கூடுதல் எடை கேட்கும். மாட்டும் இடம் தடவைக்குத் தடவை மாறினால், பிஸ்டலில் குறையே இல்லாவிட்டாலும் அளவு மாறும். பத்துத் தடவை அளந்து பத்தையும் எழுதுங்கள்.

அந்தப் பத்து எண்ணில்தான் பாதி நோய் தெரிந்துவிடும். எல்லாம் 470, 475, 470 என்று ஒட்டியே வந்தால் ஸ்பிரிங்கோ திருகோ இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். சரிசெய்தால் போதும். எனக்கு வந்தது 490, 555, 510, 570. இப்படிச் சிதறினால் திருகைத் தொடாதீர்கள், உள்ளே ஏதோ உரசுகிறது. உங்கள் முதல் இரண்டு குறையும் சேர்ந்து எனக்குச் சொல்வது இதுதான். அழுக்கு.

என் பிஸ்டலில் கிரிப்பைக் கழற்றி விளக்கை நேராகப் பிடித்துப் பார்த்தேன். ட்ரிக்கரின் அச்சு ஊசியைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒரு பிசின் இருந்தது. பல்குத்தும் குச்சியால் சுரண்டினால் மெழுகு மாதிரி சுருண்டு வந்தது. முன்பு வைத்திருந்தவர் அக்கறையோடுதான் எண்ணெய் விட்டிருப்பார். அந்த எண்ணெய் வருடக்கணக்கில் காய்ந்து, தூசியோடு சேர்ந்து இறுகிப் போயிருந்தது. ட்ரிக்கரை இழுத்துவிட்டால் முக்கால் தூரம் சட்டென்று வந்து, கடைசி ஒன்றிரண்டு மில்லிமீட்டரை மட்டும் தயங்கித் தயங்கிக் கடக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மூன்று தடவை துடைத்து, நன்றாகக் காயவிட்டேன். சீல்களில் படாமல் பார்த்துக்கொண்டேன். பிறகு அச்சு ஊசியில் மட்டும் ஊசிமுனை அளவு எண்ணெய். அதன் பிறகு அளந்தால் பத்து எண்ணும் பத்து கிராமுக்குள் வந்து நின்றன. ஒரு பாகமும் மாற்றவில்லை.

பழைய பிஸ்டல் என்றதும் சியர் தேய்ந்திருக்கும் என்றுதான் பலரும் முதலில் சொல்வார்கள். வால்வை அடித்துத் திறக்கும் ஹேமரைப் பிடித்து நிறுத்தும் அந்தச் சின்னக் கொக்கியை உப்புத்தாளாலோ எண்ணெய்க்கல்லாலோ தேய்த்தால் ட்ரிக்கர் வழுவழுப்பாகும் என்று வீடியோக்களும் இருக்கின்றன. தயவுசெய்து செய்யாதீர்கள். அதன் முகத்தில் கடினப்படுத்திய அடுக்கு மிக மெல்லியது. அதைத் தாண்டித் தேய்த்துவிட்டால் உள்ளே இருப்பது மென்மையான எஃகு. முதல் சில நாள் அருமையாக இருக்கும், பிறகு விளிம்பு மழுங்கும். கோணம் துளி மாறினாலும் ட்ரிக்கரைத் தொடாமலேயே ஹேமர் விழலாம். உண்மையிலேயே தேய்ந்திருந்தால் பாகத்தை மாற்றுவதுதான் வழி.

இனி மூன்றாவது குறை. முட்டு காணாமல் போவது பெரும்பாலும் சியர் பிடிமானத் திருகு அளவுக்கு மீறிப் போய்விட்டதால் வரும். இன்னும் லேசாக, இன்னும் துல்லியமாக என்று தேடி யாரோ பிடிமானத்தைக் குறைத்துக்கொண்டே போயிருப்பார்கள். உங்கள் மாடலின் கையேட்டில் எது அந்தத் திருகு என்று உறுதி செய்துகொண்டு, பிடிமானம் கூடும் பக்கம் திருப்புங்கள். முட்டு திரும்பத் தெரியும், கூடவே முட்டுக்குப் பின் ஒரு சின்ன ஊர்தலும் தெரியும், அதாவது ரிலீஸ் ஆகும் முன் ட்ரிக்கர் கொஞ்சம் நகரும். அங்கிருந்து அரைக்கால் சுற்றாகக் குறைத்து, ஒவ்வொரு தடவையும் டிரை ஃபயர் செய்து, அதாவது பெல்லட் இல்லாமல் சுட்டுப் பாருங்கள். ஊர்தல் மறைந்த இடத்தில் நிறுத்தி, துளியளவு பின்னால் வந்துவிடுங்கள். அந்தத் துளிதான் உங்கள் பாதுகாப்பு. கடைசியாகக் காக் செய்து, கிரிப்பின் அடியில் உள்ளங்கையால் நாலைந்து தடவை தட்டுங்கள். ஹேமர் விழுந்தால் அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டு ஆர்மரரிடம் (துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்) கொடுங்கள். அதைச் சுடும் லேனுக்குக் கொண்டுபோகவே வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், ஏனென்றால் என்னை அதிகம் அலைக்கழித்தது அதுதான். சில ஷாட் காரணமே இல்லாமல் கீழே போகும், சத்தமும் கொஞ்சம் மந்தமாக இருக்கும். வால்வு போய்விட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். கோச் வாங்கிப் பார்த்துவிட்டு, ட்ரிக்கருக்குப் பின்னால் இருக்கும் ஸ்டாப் திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தார். சத்தம் உடனே கூர்மையானது. ரிலீஸான பின் ட்ரிக்கர் மேற்கொண்டு போகாமல் தடுப்பது அந்தத் திருகு. அதை ரொம்ப நெருக்கி வைத்தால் சியர் முழுதாக விலக இடமில்லாமல் ஹேமரை உரசுகிறது. அடி பலவீனமாகி வால்வு குறைவாகத் திறக்கிறது.

விரல் படும் பாகமான ட்ரிக்கர் ஷூவையும் இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அதன் திருகு தளர்ந்திருந்தால் விரலுக்கு அப்படியே ஊர்தல் மாதிரிதான் இருக்கும். எலக்ட்ரானிக் ட்ரிக்கராக இருந்தால் முதலில் புது பேட்டரி போட்டுவிட்டுப் பேசலாம்.

எடையைக் கடைசியில் வையுங்கள். விதிப்படி 10 மீட்டர் பிஸ்டலுக்குக் குறைந்தபட்சம் 500 கிராம். சரியாக 500-இல் நிறுத்தினால் போட்டியில் எடை பார்க்கும் சோதனை மேசையில் நெஞ்சு படபடக்கும். நான் 515-இல் வைத்திருக்கிறேன், அதில் முதல் நிலைக்கு 390. முட்டில் வந்து நிற்கும்போதே பெரும்பகுதி எடை விரலில் ஏறிவிடுவதால், மிச்சத்தைக் கொடுக்கும்போது கை அசைவதில்லை.

சுத்தம் செய்த பிறகு அந்தப் பத்து எண்ணையும் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.