கோவிட் கிட்டில் கோடு வரவில்லை, பிறகு தாமதமாக வந்தது: எதை நம்புவது?

கேள்வி: காய்ச்சலும் இருமலும் இருந்ததால் வீட்டில் இருந்த இரண்டு கோவிட் கிட்களைப் பயன்படுத்தினேன். முதல் கிட்டில் ஒரு கோடுகூட வரவில்லை. இரண்டாவதில் பதினைந்தாவது நிமிடத்தில் கிட் வேலை செய்ததைக் காட்டும் ‘சி’ கோடு மட்டும் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் தொற்றைக் காட்டும் ‘டி’ பக்கத்திலும் மங்கலாக ஒரு கோடு. கோடை முழுவதும் சமையலறை அலமாரியில் இருந்த கிட்கள் இவை. எந்த முடிவை எடுத்துக்கொள்வது?

பதில்: முதல் கிட்டுக்கு முடிவே கிடையாது, அது செல்லாத பரிசோதனை. கேசட்டுக்குள் இருக்கும் பட்டையில் நீங்கள் விடும் திரவம், அங்கே உலர்ந்த நிலையில் இருக்கும் நிறமேற்றிய ஆன்டிபாடிகளை (வைரஸ் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் புரதங்கள்) கரைத்து எடுத்துக்கொண்டு மேலே ஊறுகிறது. வைரஸ் புரதம் இருந்தால் அவற்றில் ஒரு பகுதி ‘டி’ இடத்தில் தங்கும், மற்றவை ‘சி’ வரை சென்று கோடாகும். ஆகவே ‘சி’ வரவில்லை என்றால் திரவம் அங்கே போய்ச் சேரவில்லை அல்லது ஆன்டிபாடிகள் கெட்டுவிட்டன என்று பொருள். சொட்டு குறைவது, கெட்டியான சளி அடைப்பது, குழாயிலிருந்து திரவத்துக்குப் பதில் காற்றுக் குமிழி விழுவது ஆகியவை வழக்கமான காரணங்கள். உங்கள் வீட்டில் வெப்பத்தின் மேல்தான் எனக்குச் சந்தேகம். இத்தகைய கிட்களைப் பெரும்பாலும் 2 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் வைக்க வேண்டும். அடுப்பங்கரை அலமாரி ஏப்ரல், மே மாதங்களில் அந்த வரம்பைச் சுலபமாகத் தாண்டிவிடும். குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதானால் உறைநிலைப் பகுதியைத் தவிர்த்து, வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்த பிறகே உறையைப் பிரிக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் பட்டையில் படியும். கோடு வரவில்லையே என்று கூடுதல் சொட்டு விட்டுப் பார்ப்பதில் பயனில்லை.

இரண்டாவது கிட்டில் சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. 2021 மே மாதம் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) அனுமதித்த, இந்தியாவின் முதல் வீட்டுக் கிட்டான கோவிசெல்ஃப், முடிவை 15 நிமிடத்தில் பார்க்கச் சொல்கிறது; 20 நிமிடத்துக்குப் பிறகு தெரிவதைக் கணக்கில் கொள்வதில்லை. பட்டை உலரும்போது பொய்க்கோடு தோன்றக்கூடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குப் பின் வந்த உங்கள் கோட்டுக்கு மதிப்பில்லை. அதே மங்கலான கோடு குறித்த நேரத்துக்குள், ‘சி’ கோட்டுடன் சேர்ந்து தெரிந்திருந்தால் அது பாசிட்டிவ்தான். பலரும் ‘லேசாகத்தானே இருக்கிறது’ என்று அதை விட்டுவிடுகிறார்கள்.

அப்படியானால் பதினைந்தாவது நிமிடத்து நெகட்டிவை நம்பலாமா என்றால், அதுவும் கூடாது. மூக்கைத் தொடாமல் கிட்டோடு வரும் வெறும் பஃபர் திரவத்தை விட்டாலும் ‘சி’ கோடு வரும். மாதிரி சரியாக எடுக்கப்பட்டதா என்பதை அது சொல்லாது. பஞ்சுக் குச்சியை நாசித் துவாரத்துக்குள் 2 முதல் 4 சென்டிமீட்டர் வரை செலுத்தி, ஒவ்வொரு பக்கமும் ஐந்து முறை சுழற்ற வேண்டும். நுனியில் தொட்டு எடுப்பது போதாது. அறிகுறி உள்ளவர்களுக்கு வைரஸ் புரதத்தைத் தேடும் இத்தகைய ஆன்டிஜென் கிட்டில் நெகட்டிவ் வந்தால் ஆர்டி-பிசிஆர் என்ற ஆய்வகப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது ஐசிஎம்ஆரின் வழிகாட்டுதல். உங்களுக்கும் நான் சொல்வது அதுவே. உடனே முடியாவிட்டால் மருந்துக்கடையில் காலாவதித் தேதி பார்த்துப் புதிய கிட் வாங்கிச் சோதியுங்கள். அதுவும் நெகட்டிவ் என்றால் 48 மணி நேரம் கழித்து இன்னொன்று. அதுவரை முகக்கவசம் அணிந்து வீட்டுப் பெரியவர்களிடமிருந்து விலகி இருங்கள். மூச்சுத் திணறினால் எந்தக் கிட்டுக்கும் காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த அலமாரியில் மிச்சமிருக்கும் கிட்களை யாருக்கும் கொடுக்க வேண்டாம்.