அதே நோயாளிகள், புதுத் தலைப்பு: இன்னொரு ஜேர்னலுக்கு அனுப்பலாமா?

கேள்வி: கல்முனைப் பக்கம் ஒரு வைத்தியசாலையில் மெடிக்கல் ஒஃபிசராக இருக்கிறேன். நீரிழிவுக் கால் புண்ணோடு வந்த 212 பேரை வைத்துச் செய்த ஆய்வு, போன வருடம் இங்குள்ள சஞ்சிகையொன்றில் ஆங்கிலத்தில் வந்தது. "அதை ஆர் வாசிக்கிற? இன்னும் 40 பேரச் சேத்து, தலைப்ப மாத்தி வெளிநாட்டு ஜேர்னலுக்கு அனுப்புங்க" என்கிறார் எங்கள் கன்சல்டன்ட் சேர். வசனங்களை மாற்றி எழுதினால் சிக்கல் இல்லைதானே? இன்னொரு கட்டுரை அனுப்பி ஐந்து மாதமாகியும் பதிலில்லை. அதை வேறு ஜேர்னலுக்கும் போடலாமா? கால் ஆய்வைத் தமிழில் எழுதவும் ஆசை.

பதில்: சேர் சொன்னபடி அனுப்பாதீர்கள். வசனம் மாறலாம், ஆட்கள் மாறவில்லையே. 252 பேரில் 212 பேர் பழையவர்கள், நூற்றுக்கு 84. ஏற்கெனவே வெளிவந்ததோடு பெருமளவு ஒத்துப்போகிற கட்டுரையை, முதலாவதைத் தெளிவாகச் சுட்டாமல் வெளியிடுவதைத்தான் சர்வதேச மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் குழு இரட்டை வெளியீடு என்கிறது. முதல் சஞ்சிகையை எத்தனை பேர் வாசித்தார்கள் என்பதை அது கேட்பதில்லை.

பிரதியெடுத்த எழுத்தைத் தேடும் ஐதென்டிகேட் போன்ற மென்பொருள் பிடிப்பது வசனத்தை. அதைத் தப்பிவிட்டால் போதும் என்று நினைக்கிறவர்கள் அதிகம். ஆனால் மதிப்பாய்வுக்குப் போவது அதே துறையில் இருக்கும் ஒருவரிடம். எந்த வைத்தியசாலை, எந்த மாதம் தொடக்கம் எந்த மாதம் வரை, நெறிமுறைக் குழுவின் அனுமதி இலக்கம், முதல் அட்டவணையில் சராசரி வயது எவ்வளவு, எச்.பி.ஏ.1.சி (கடந்த சில மாதச் சராசரி இரத்தச் சீனியைக் காட்டும் அளவு) எவ்வளவு என்று அவர் பார்ப்பார். கிழக்கிலிருந்து இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். இரண்டு கட்டுரையையும் பக்கத்தில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இதெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று சேர் சொன்னால், ஒண்டான்செட்ரோன் கதையை எடுத்துக் காட்டுங்கள். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய வாந்தியைத் தடுக்க அந்த மருந்தைக் கொடுத்த பரிசோதனைகளைத் திரட்டி, 1997இல் பிஎம்ஜே சஞ்சிகையில் ஓர் ஆய்வு வந்தது. முழு அறிக்கைகளில் 17 சதவீதமும் நோயாளர் தரவுகளில் 28 சதவீதமும் இரட்டிப்பாக வெளிவந்திருந்தன. பலன் கூடுதலாகத் தெரிந்த பரிசோதனைகள்தான் திரும்பத் திரும்ப அச்சேறியிருந்தன. எல்லாவற்றையும் கூட்டிக் கணக்குப் பார்த்தபோது, மருந்தின் பலன் உள்ளதைவிட 23 சதவீதம் அதிகமாகத் தெரிந்தது. உங்கள் விஷயத்திலும் நடக்கப்போவது இதுதான். நாளைக்கு ஒருவர் இலங்கையில் கால் அகற்றப்படும் வீதத்தைத் திரட்டினால், உங்கள் 252 பேரும், பழைய கட்டுரையின் 212 பேரோடு சேர்ந்து, 464 பேராக அந்தக் கணக்கில் ஏறுவார்கள்.

முதல் சஞ்சிகை கிரியேட்டிவ் கொமன்ஸ் அனுமதியோடு வெளியிட்டது, பதிப்புரிமைச் சிக்கல் இல்லை என்றும் சிலர் சொல்வார்கள். பதிப்புரிமை வேறு, இது வேறு. பிரதி எடுக்க அனுமதி இருக்கிறது என்பதற்காக, பழைய முடிவைப் புதிது என்று காட்ட முடியாது.

அந்தத் தரவை வைத்து ஒழுங்காகச் செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. கேள்வியை மாற்றுங்கள். ஒரு வருடம் கழித்து அந்த 212 பேரில் எத்தனை பேருக்குப் புண் திரும்ப வந்தது, எத்தனை பேருக்கு விரலோ காலோ எடுக்கப்பட்டது என்று பார்த்தால் அது புதுக் கட்டுரை. பழைய முதல் அட்டவணையைத் திரும்பப் போடாமல், இரண்டு வரியில் சுருக்கி முதல் கட்டுரையை மேற்கோளாகக் கொடுங்கள். செய்முறைப் பகுதியிலும் கவர் லெட்டரிலும் ஒளிக்காமல் எழுதுங்கள்: "இந்த 212 பேரின் ஆரம்ப விபரங்கள் இன்ன சஞ்சிகையின் இன்ன இதழில் வெளிவந்துள்ளன, பிரதி இணைக்கப்பட்டுள்ளது, இங்கே புதிதாக இருப்பது ஒரு வருடப் பின்தொடர்வு முடிவுகள்." பிடிஎஃப்பை இணைக்க மறக்கவேண்டாம். ஒளிவுமறைவில்லாமல் கேட்டால், அதிகம்போனால் ஆசிரியர் "வேண்டாம்" என்பார், அவ்வளவுதான். அதற்காக வயதுக்கு ஒன்று, கிருமிக்கு ஒன்று, செலவுக்கு ஒன்று என்று ஒரே ஆய்வை நாலு துண்டாக்கிவிடாதீர்கள். மாநாட்டில் சுருக்கமாகவோ போஸ்டராகவோ கொடுத்தது முழுக் கட்டுரைக்குத் தடையில்லை. அதையும் குறிப்பிட்டால் போதும்.

ஐந்து மாதக் கட்டுரைக்கு வருவோம். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வைத்திருக்கக் கூடாது. முதலில் கட்டுரை இலக்கத்தைப் போட்டு நிலை என்ன என்று மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு கிழமை பொறுத்தும் பதிலில்லாவிட்டால், இணை ஆசிரியர்கள் எல்லாருடைய சம்மதத்தோடும் மீளப்பெறும் கடிதம் போடுங்கள். கடிதம் போட்டதோடு வேலை முடியாது. மீளப்பெறப்பட்டது என்று அவர்கள் எழுத்தில் தந்த பிறகுதான் அடுத்த ஜேர்னல். மீளப்பெறுவதற்குக் காசு கேட்கும் ஜேர்னல் என்றால், அது காசுக்காகவே நடத்தப்படும் போலி ஜேர்னல் வகை என்று சொல்லத் தேவையில்லை. பதிப்புரிமைப் படிவத்தில் கையொப்பம் வைக்காதீர்கள், மின்னஞ்சல்களைப் பத்திரமாக வையுங்கள், அடுத்த ஆசிரியருக்கு நடந்ததைச் சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதுங்கள், கட்டாயம் எழுதுங்கள். கால் பராமரிப்பைப் பற்றிச் சனங்களுக்காகப் பத்திரிகையில் எழுதுவது இரட்டை வெளியீடு ஆகாது. முழுக் கட்டுரையையும் மொழிபெயர்த்து ஒரு சஞ்சிகையில் போடுவதென்றால் மட்டும் இரண்டு ஆசிரியர்களின் அனுமதியும் வேண்டும். தலைப்பிலேயே மொழிபெயர்ப்பு என்று தெரியவேண்டும். மூலம் எங்கே வந்தது என்ற முழு விபரமும் வேண்டும். தரவையும் முடிவையும் மாற்றக் கூடாது. பதவி உயர்வு விண்ணப்பத்தில் அதை இரண்டாவது கட்டுரையாகக் கணக்குக் காட்டவேண்டாம்.

சேர் பிடிவாதமாக நின்றால், பொறுப்பு யாருடையது என்பதை நினைவில் வையுங்கள். பெயர் போட்ட ஒவ்வொருவரும் இறுதிப் பிரதியை ஏற்று ஒப்புதல் தரவேண்டும். நீங்கள் தராவிட்டால் உங்கள் பெயரோடு அது போக முடியாது. வெளிவர முன்னர் பிடிபட்டால் குறைந்தது நிராகரிப்பு. பின்னர் பிடிபட்டால் ஆசிரியர் உங்களிடம் கேட்காமலே கட்டுரையை மீளப்பெறலாம், நிறுவனத்துக்கும் அறிவிக்கலாம். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டில் இரட்டை வெளியீடு என்றே ஒரு வகைக்குறி இருக்கிறது.

சேரோடு வாதாடுவதைவிட, பின்தொடர்வுத் திட்டத்தை ஒரு பக்கத்தில் எழுதிக் கையில் கொடுப்பது நல்லது. கிளினிக் பதிவில் தொலைபேசி இலக்கம் இருக்கும். கால் எடுக்க மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்பப்பட்டவர்கள் இருந்தால், அவர்களுடைய சத்திரசிகிச்சைக் குறிப்பு அங்கேதான் கிடைக்கும், அதற்குத் தனியே அனுமதி கேட்கவேண்டும். ஒருவரையும் அழைக்க முன்னர் நெறிமுறைக் குழுவிடம் திருத்த விண்ணப்பம் போடுங்கள். பழைய சம்மதப் படிவத்தில் பின்னர் தொடர்புகொள்வதைப் பற்றி ஒரு வரிகூட இல்லாவிட்டால், புதுச் சம்மதம் எப்படி எடுப்பது என்பதையும் அதே விண்ணப்பத்தில் கேட்டுவிடுங்கள்.