பேட்டரியில் ஓடும் ரைடிங் மோவரைப் பாதுகாப்பாகப் பராமரிப்பது எப்படி?

ஓஹாயோவில் முக்கால் ஏக்கர் புல்தரையோடு வீடு வாங்கியிருக்கிறீர்கள். பழைய வீட்டுக்காரர் 48 வோல்ட் ரைடிங் மோவரை (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டும் வண்டி) விட்டுவிட்டுப் போயிருக்கிறார். பெட்ரோலும் இல்லை, ஆயில் மாற்றும் வேலையும் இல்லை, அப்புறம் பராமரிப்பு என்று என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நானும் கொலம்பஸ் பக்கம்தான். ஆறு வருடமாக இதே வகை வண்டியில் புல் வெட்டுகிறேன். பராமரிப்பைச் சொல்வதற்கு முன் ஒன்று. பெட்ரோல் மோவர் உறுமிக்கொண்டிருக்கும் வரை யாரும் அதன் கீழே கை வைக்க மாட்டார்கள். இந்த வண்டி சாவி போட்டபடி நிற்கும்போதும் நாற்காலி மாதிரி அமைதியாக இருக்கும். ஆபத்தே அந்த அமைதியில்தான்.

என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பிளேடை மூடியிருக்கும் டெக்கின் அடியில் அப்பியிருந்த ஈரப்புல்லைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். வண்டியை நிறுத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சாவியை எடுக்கவில்லை. திடீரென்று மேலே 'பீப்' என்று சத்தம். அவள் வந்து சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். ஆள் உட்கார்ந்தால்தான் பிளேடு சுற்ற வேண்டும் என்று வைத்திருக்கிற ஸ்விட்ச் அவள் எடையிலேயே அமுங்கிவிட்டது. பிளேடை ஓடவிடும் மஞ்சள் குமிழை அவள் தொடவில்லை, அவ்வளவுதான். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

அதனால் டெக்கைத் தொடுவதற்கு முன், சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். பிறகு சீட்டைத் தூக்கி பேட்டரி இணைப்பையும் துண்டியுங்கள். சில வண்டிகளில் அதற்கென்றே தடிமனான பிளக் இருக்கும். மோட்டாரை இயக்கும் கண்ட்ரோலருக்குள், மின்சாரத்தைத் தேக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும் என்பதால் சில நிமிடம் பொறுத்திருந்து வேலையைத் தொடங்குங்கள். வண்டியைத் தூக்கினால் ஜாக்கை மட்டும் நம்பாமல் கட்டை கொடுங்கள். பிளேடைக் கழற்றும்போது தோல் கையுறை போட்டுக்கொண்டு, அது சுழலாமல் இருக்க ஒரு மரத்துண்டை முட்டுக்கொடுத்து போல்ட்டைத் திருப்புங்கள். சாணை பிடித்த பிறகு பிளேடின் நடு ஓட்டையை ஒரு ஆணியில் மாட்டிப் பார்க்க வேண்டும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அந்தப் பக்கத்தை இன்னும் கொஞ்சம் தேயுங்கள். எடை சமமில்லாத பிளேடு மோட்டார் பேரிங்கைக் கெடுத்துவிடும்.

அடுத்தது பேட்டரி. பழைய 48 வோல்ட் வண்டி என்றால் பெரும்பாலும் நான்கு 12 வோல்ட் ஈய அமில பேட்டரிகளை வரிசையாக இணைத்திருப்பார்கள். 48 வோல்ட்தானே, ஷாக்கா அடிக்கப்போகிறது என்று நினைக்கலாம். இங்கே பயப்பட வேண்டியது ஷார்ட் சர்க்யூட்டுக்கு. பிளக்கைப் பிடுங்கினாலும் ஒவ்வொரு பேட்டரியும் தனியாக உயிரோடுதான் இருக்கும். ஒருமுறை டெர்மினல் நட்டை இறுக்கும்போது ஸ்பானர் வழுக்கி இரண்டு முனைகளுக்கும் குறுக்கே விழுந்தது. பளீரென்று வெளிச்சம், கருகல் வாசனை. எடுத்துப் பார்த்தால் ஸ்பானர் விளிம்பில் மிளகு அளவுக்கு இரும்பு உருகிப் பள்ளம் விழுந்திருந்தது. அந்த இடத்தில் மோதிரம் போட்ட விரல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? மோதிரம், வாட்ச், காப்பு எல்லாவற்றையும் கழற்றிவிட்டு உட்காருங்கள். ஸ்பானரின் கைப்பிடியில் இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் அவசியம், உள்ளே இருப்பது கந்தக அமிலம்.

மேலே தண்ணீர் ஊற்றத் திறக்கும் மூடி உள்ள பேட்டரியாக இருந்தால் மாதம் ஒருமுறை தண்ணீர் பாருங்கள். ஊரில் இன்வெர்ட்டருக்கு ஊற்றுகிற அதே டிஸ்டில்டு வாட்டர்தான், குழாய்த் தண்ணீர் கூடாது. முழுதாகச் சார்ஜ் ஏறிய பிறகு ஊற்ற வேண்டும். முன்னாலேயே நிரப்பினால் சார்ஜ் ஆகும்போது பொங்கி அமிலம் வெளியே வழியும். தகடுகள் வெளியே தெரிந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டுச் சார்ஜ் போடுங்கள். டெர்மினலில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரைத் தொட்டு பழைய டூத் பிரஷால் தேய்த்து, துடைத்து, வாசலின் தடவலாம். கரைசல் பேட்டரிக்குள் போய்விடக் கூடாது.

சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வெளிவரும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். கராஜ் கதவைத் திறந்து வையுங்கள். உங்கள் கராஜில் கேஸ் வாட்டர் ஹீட்டர் இருக்கிறதா என்று பாருங்கள், அதன் பக்கத்தில் சார்ஜ் போடவே கூடாது.

சார்ஜ் முடிந்து சில மணி நேரம் கழித்து மல்டிமீட்டரில் ஒவ்வொரு பேட்டரியும் 12.7 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். மூன்று அப்படி இருந்து ஒன்று மட்டும் 12.1 காட்டினால் அது தளர்கிறது. மாற்றினால் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். பழையதும் புதியதும் கலந்தால் பலவீனமானது மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும். ஒன்றொன்றும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், தனியாகத் தூக்காதீர்கள்.

நம் ஊர் குளிருக்கு இன்னொன்று. சார்ஜ் தீர்ந்த ஈய அமில பேட்டரி மைனஸ் 7 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உறைந்து வெடிப்பு விடும். முழுச் சார்ஜில் இருந்தால் இங்கே ஜனவரியிலும் உறையாது. அக்டோபர் கடைசியில் முழுதாக ஏற்றிவிட்டு, மாதம் ஒருமுறை மீண்டும் ஏற்றுங்கள். லித்தியம் என்றால் கணக்கே வேறு: பாதிச் சார்ஜில், உறையாத இடத்தில் வைக்க வேண்டும். 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் போடக் கூடாது. உப்பியிருந்தால் அந்த பேட்டரியைத் தொடர்ந்து பயன்படுத்தவே வேண்டாம்.

வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவாதீர்கள், காய்ந்த புல்லை ப்ளோயரால் ஊதினால் போதும். மோட்டாரைச் சுற்றி அது அடைந்தால் சூடு வெளியேறாது. சீட் ஸ்விட்ச் தொல்லை தருகிறது என்று வயரை இணைத்துவிடச் சொல்லித் தரும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள். குழந்தையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டுவதும் வேண்டாம். ரைடிங் மோவரை ஓட்டக் குறைந்தது 16 வயது ஆக வேண்டும் என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம்.

சீட்டைத் தூக்கிப் பார்த்து, பேட்டரி மேல் என்ன எழுதியிருக்கிறது, மூடிகள் இருக்கின்றனவா என்று கமெண்டில் சொல்லுங்கள். மூடி இல்லாத சீல் செய்த வகை என்றால் தண்ணீர் ஊற்றும் பகுதியை மறந்துவிடலாம். அதைத் திறக்க முயற்சி செய்யாதீர்கள்.