மளிகைக் கடைக் கோதுமையும் பொட்டலத்தில் வந்த எதிர்ப்புச் சக்தியும்

கேள்வி: ஐயா, கொடைக்கானல் மேல்மலையில், பூண்டு எடுத்த 60 சென்ட் நிலத்தில் சம்பா கோதுமை விதைத்து 65 நாளாகிறது. விதையை மளிகைக் கடையில் வாங்கினேன். அடி இலைகளில் காவிநிறப் பொடி தெரிந்ததும், மருந்துக்கடைக்காரர் ‘எதிர்ப்புச் சக்தி தூண்டி’ என்று சாலிசிலிக் அமிலப் பொட்டலம் கொடுத்தார். பத்து நாளில் இருமுறை தெளித்தும் நோய் மேலே ஏறுகிறது. அளவை இரட்டிப்பாக்கலாமா?

பதில்: வேண்டாம். இருமடங்கு போட்டால் இலை கருகக்கூடும்; காவிப் பொடியாகத் தெரியும் இந்தத் துரு என்னும் பூஞ்சாண நோய் நிற்காது. பயிர் தன் தற்காப்புப் புரதங்களை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ளும்படி தூண்டுவது மட்டுமே இவ்வகை மருந்துகளின் வேலை. அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். நீங்கள் இன்று காணும் ஒவ்வொரு கொப்புளமும் ஏழெட்டு நாளுக்கு முன்பே இலைக்குள் புகுந்த பூஞ்சாணம் என்பதால், பொடியைக் கண்ட பிறகு தூண்டியைத் தெளிப்பது, திருடன் வீட்டுக்குள் இருக்கும்போது கதவுக்குத் தாழ்ப்பாள் வாங்கப் போவதைப் போன்றது. இந்த வகையில் உருப்படியான சரக்கு அசிபென்சோலார். 1996 வாக்கில் ஐரோப்பாவில் கோதுமையின் சாம்பல் நோய்க்காக வந்தது. அதையும் ஹெக்டேருக்கு 30 கிராம் அளவில், நோய் வருமுன் இளம்பருவத்திலேயே கொடுத்தார்கள். நோயில்லாத கோதுமையில் அதைத் தெளித்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், தெளித்த செடிகளின் வளர்ச்சியும் மணியும் குறைந்தன. தழைச்சத்து போதாத செடிகளில் இழப்பு இன்னும் அதிகம். பயிர் தன் உணவிலிருந்துதான் இந்தத் தற்காப்புக்குச் செலவு செய்கிறது. இதைச் சொல்லாமல், நோய் ஏறிய வயலுக்குப் பொட்டலம் கொடுப்பவர் மருத்துவரல்லர், வியாபாரி.

இப்போது செய்ய வேண்டியது இதுதான். வெள்ளைத் துணியால் இலையைத் துடைத்துப் பாருங்கள்; காவிநிறம் ஒட்டினால் துருவேதான். புரோபிகோனசோல் 25 இ.சி. என்ற பூஞ்சாணக்கொல்லி மருந்தை லிட்டருக்கு 1 மி.லி. வீதம், உங்கள் 60 சென்டுக்கு 120 லிட்டர் நீரில் கலந்து, கண்ணாடி இலை (கதிருக்குக் கீழே உள்ள கடைசி இலை) நன்றாக நனையுமாறு பனி காய்ந்த பின் தெளியுங்கள். வேறெதையும் டேங்கில் சேர்க்காதீர்கள். பூண்டுக்கு இட்ட உரமே மண்ணில் மிச்சமிருக்கும் என்பதால் இனி யூரியா கூடாது.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி விதையைப் பற்றியது. மளிகைக் கடையில் சம்பா என்று விற்பதெல்லாம் சம்பா அன்று. உண்மையான சம்பா கோதுமையைப் போரடித்தாலும் உமி மணியை விடாது. முற்றிய கதிரை உள்ளங்கையில் வைத்துக் கசக்கினால் மணி தனியே உதிர்கிறது என்றால், உங்களிடம் இருப்பது ஏதோ ஒரு சாதாரண ரொட்டிக் கோதுமை. அதற்குத் துருவைத் தாங்கும் மரபணு இருக்கிறதா என்பதை விற்றவரும் அறியார். நம் மலைகளில் இது சிறிய விஷயம் அன்று. சமவெளியில் கோடை வெயில் துரு வித்துகளை அழித்துவிடும். நீலகிரியிலும் பழனி மலையிலும் ஆண்டு முழுவதும் குளிர் இருப்பதால், தானாக முளைத்த கோதுமைச் செடிகளில் அவை உயிரோடு தங்கி, காற்றேறி வடக்கே போகின்றன என்பதைப் பயிர் நோய் அறிஞர் கே. சி. மேத்தா பல பத்தாண்டுகளுக்கு முன்பே காட்டினார். நீலகிரியிலுள்ள வெலிங்டனில் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் இருப்பதும் துருவைத் தாங்கும் இரகங்களை உருவாக்குவதற்காகவே. அங்கு உருவான எச்.டபிள்யூ. 1098 என்ற குட்டைச் சம்பா இரகத்தை விசாரியுங்கள். விதைக்குள் இருக்கும் எதிர்ப்புக்குத் தெளிப்புக் கூலி கிடையாது.

அறுவடை முடிந்ததும், அடுத்து பீன்ஸோ கேரட்டோ போடும்போது, இடையில் முளைக்கும் கோதுமைச் செடிகளைக் கதிர் விடும்வரை மாட்டுக்கென்று விட்டுவைக்காமல், முழங்கால் உயரத்துக்குள் பிடுங்கிவிடுங்கள்.