ரோச்சா, பற்றரியா: எந்த ரிக் வாங்குவது?

கேள்வி: நானும் மனைவியும் வார இறுதியில் மட்டும் கொஞ்சம் ரோசின் (கஞ்சாவைச் சூட்டில் அழுத்தி எடுக்கும் பிசின்) எடுப்போம். குவார்ட்ஸ் பேங்கரும் (ரோசினை வைக்கும் சின்னக் கிண்ணம்) கண்ணாடி ரிக்கும் (தண்ணீர் வழியே ஆவியை இழுக்கும் குடுவை) 100 டொலருக்குள் முடிகிறது. மின்சார ரிக் 500 டொலர் என்கிறார்கள். அடுக்குமாடியில் இருக்கிறோம், அம்மாவும் எங்களோடுதான் இருக்கிறா. எது உகந்தது?
— வாசகர், ஸ்காபரோ

பதில்: உங்கள் வீட்டுக்கு மின்சார ரிக். வயதானவர் இருக்கும் அடுக்குமாடியில் பேங்கரைச் சூடாக்க பியூட்டேன் வாயு ரோச்சைக் கொளுத்திக்கொண்டு நிற்பதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

தீயைவிடப் பெரிய விசயம் சூடு. பேங்கர் மங்கலாகச் சிவக்கத் தொடங்கினாலே 500 பாகை செல்சியஸைத் தாண்டியிருக்கும். ரோசினுக்கு அதில் ஏறக்குறைய பாதி போதும். மிஞ்சிய சூட்டில், வாசனை தரும் டெர்பீன்கள் சிதைந்து பென்சீன், மெத்தக்ரோலீன் போன்ற நச்சுகள் உண்டாவதை அமெரிக்காவின் போர்ட்லண்ட் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள். அதனால்தான் சூடாக்கிய பேங்கரை ஆறவிட்டு எடுப்பார்கள். எவ்வளவு நேரம் ஆறவிடுவது? அடி தடித்திருந்தால் சூடு நிற்கும், மெலிந்திருந்தால் சட்டென்று இறங்கும். ஆகவே ஒருவர் சொன்ன கணக்கு இன்னொருவரின் பேங்கருக்குப் பொருந்தாது. தூரத்திலிருந்து சூடு பார்க்கும் அகச்சிவப்பு மானியும் பளிங்கு போன்ற குவார்ட்ஸில் பிழையாகக் காட்டலாம். வாரம் ஒருமுறை எடுப்பவருக்கு இந்தக் கைப்பழக்கம் லேசில் வராது. மின்சார ரிக்கில் பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ அதே சூடு. நீங்கள் கொடுக்கும் காசு அதற்குத்தான்.

ஆனால் செலவு 500 டொலரோடு நிற்காது. சூடாக்கும் பாகமான அட்டமைசர் தேயும் பொருள். பற்றரியும் நாளடைவில் தளரும். வாங்குமுன் கடைக்காரரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: அட்டமைசர் தனியாக என்ன விலை, கனடாவிலேயே கிடைக்குமா? பதில் இழுபட்டால் வேறு கடை பாருங்கள். பெயர்பெற்ற ரிக்குகளுக்குப் போலிகள் நிறைய உலவுகின்றன. பாதி விலை என்று வரும் விளம்பரத்தை நம்பி வாங்கினால் உத்தரவாதமும் கிடைக்காது.

குவார்ட்ஸை நான் குறைத்துச் சொல்லவில்லை. கழற்றிக் கழுவலாம், பழுதாகும் மின்பாகம் எதுவும் இல்லை, பக்குவம் தெரிந்தவர் கையில் ருசியும் அருமை. அதையே வாங்குவதானால் மூட்டின் அளவு 10 மில்லிமீற்றரா 14ஆ, ஆணா (உள்ளே செருகுவது) பெண்ணா (வாங்கிக்கொள்வது) என்று ரிக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் சூடு ஆறுமுன் பஞ்சுக்குச்சியால் எச்சத்தைத் துடைத்தெடுங்கள்; விட்டால் கருகிப் படியும். அல்ககோல் போட்டுத் துடைத்தால், அது முற்றாகக் காயும்வரை ரோச் பக்கம் போகவே வேண்டாம்.

எந்த ரிக்காக இருந்தாலும் அரிசிமணியில் பாதியளவோடு தொடங்குங்கள். ரோசினில் போதை தரும் ரிஎச்சி (THC) 70 சதவீதத்தைத் தொடுவது சாதாரணம். கருவியையும் சரக்கையும் பூட்டி வையுங்கள்.

கேள்வி: ஊருக்குப் போகும்போது ரிக்கைக் கொண்டுபோகலாமா?
— அதே வாசகர்

பதில்: வேண்டாம். கனடாவில் கஞ்சா 2018 ஒக்ரோபர் 17 முதல் சட்டபூர்வம் என்றாலும், எல்லை தாண்டி எடுத்துச்செல்வதும் திரும்பக் கொண்டுவருவதும் குற்றம். பாத்திரத்தில் ஒட்டியிருக்கும் எச்சமும் கஞ்சாதான். இலங்கையிலும் இந்தியாவிலும் அதற்காகவே மறியலுக்குப் போக நேரலாம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.