பிரேக் சூடாகுதா? கேளுங்க, தெரிஞ்சத சொல்றேன்

வணக்கம். சிங்கப்பூர்ல வொர்க்‌ஷாப்ல ரொம்ப வருஷம் கை கருப்பாக்கினவன், இப்ப வீட்டுல சும்மா இருக்கேன். கேக்குறவங்க கேளுங்க, ஆனா எந்த வீல், எப்ப சூடாகுதுன்னு சேத்தே எழுதுங்க.

கேள்வி (உட்லண்ட்ஸ்): அண்ணே, 9 வருஷ கார். வேலை விட்டு வந்து கார்பார்க்ல நிறுத்தினா முன்னாடி இடது வீல்ல கருகின வாடை, ரிம் பக்கத்துல போனாலே அனல் அடிக்குது. மத்த மூணும் சும்மா இருக்கு. பேட் மாத்தினா சரியாயிடுமா?

பதில்: பேட், அதாவது வீலோட சுத்துற டிஸ்க்க ரெண்டு பக்கமும் கவ்வுற கட்டை, அத வாங்க இன்னும் போகாதீங்க தம்பி. பிரேக் பிடிக்குறதால இல்ல, பிடிச்சத விடாததால சூடாகுது, எங்க விடலன்னு தெரியாம புது பேட் போட்டா அதையும் ஒரு மாசத்துல தின்னுடும். முதல்ல ஒரு பத்து நிமிஷம் மெதுவா, அதிகம் பிரேக் அடிக்காம ஓட்டிட்டு வந்து இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர்ல ரெண்டு பக்கமும் பாருங்க. பளபளன்னு இருக்குற டிஸ்க்ல அடிச்சா அது குறைச்சலா காட்டும், அதனால ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி மங்கலான இடத்துல அடிங்க. பத்து இருபது டிகிரி வித்தியாசம்னா விட்டுடலாம், வலது 70 இடது 200ன்னா கண்டிப்பா மாட்டியிருக்கு. கையால மட்டும் தொட்டுப் பாக்காதீங்க, என் விரல்ல தழும்பு இன்னும் இருக்கு.

ஆறினதும் சமதளத்துல பின் வீலுக்கு கட்டை வெச்சு, வீல் நட்ட லூஸ் பண்ணிட்டு தூக்கி, ஸ்டாண்ட் போடுங்க, வெறும் ஜாக்கிய நம்பி கைய உள்ள விடாதீங்க. கியர நியூட்ரல்ல வெச்சு வீல சுத்துங்க. இறுக்கமா இருந்தா பிளீடர்ல (ஆயில வெளிய விடுற சின்ன திருகு) ஒரு சின்ன டியூப் மாட்டி பாட்டில்ல விட்டு கொஞ்சமா திறந்து உடனே மூடுங்க. வீல் சட்டுன்னு ஃப்ரீயானா உள்ள பிரஷர் அடைபட்டு நிக்குது. அப்பவும் இறுக்கம்னா பேட தள்ளுற பிஸ்டனோ, பேட பிடிச்சிருக்குற காலிப்பர் வழுக்கி நகர்ற ஸ்லைடு பின்னோ மாட்டியிருக்கு. காலிப்பர கழட்டினா ஆயில் வர்ற ரப்பர் ஹோஸ்ல தொங்க விடாம கம்பியில கட்டுங்க. ரெண்டு பேடையும் பக்கத்துல வெச்சு பாருங்க, உள் பேட் மட்டும் தேஞ்சிருந்தா முதல் சந்தேகம் அந்த ஸ்லைடு பின் மேல.

கேள்வி (தெம்பனிஸ்): எனக்கும் ஒரே வீல்தான். காலிப்பர் புதுசே போட்டாங்க, ஒரு மாசத்துல திரும்பவும் அதே வாடை. இப்ப நீங்க சொன்ன மாதிரி பிளீடர திறந்தா ஃப்ரீயாகுது.

பதில்: ஹோஸ். நானும் ஒரு தடவ இப்படி ரெண்டு காலிப்பர் மாத்திட்டு கஸ்டமர் முன்னாடி முழிச்சிருக்கேன், அதனால சொல்றேன். ரப்பர் ஹோஸ் வெளிய பாக்க புதுசு மாதிரி இருக்கும், உள்பக்கம் ஊதி வழி சுருங்கிடும். உங்க கால் அழுத்தத்துக்கு ஆயில் போயிடும், திரும்பி வர அந்த பலம் இல்ல, அங்கயே நிக்கும். உறுதி பண்ணணும்னா அடுத்த தடவ இறுகும்போது மாஸ்டர் சிலிண்டர் (பெடல மிதிச்சா ஆயில தள்ளுறது) பைப் நட்ட லேசா லூஸ் பண்ணுங்க. வீல் விடலன்னா ஹோஸ்தான், விட்டுச்சுன்னா மேல மாஸ்டர் பக்கம் பாக்கணும். மாத்துனா ரெண்டு பக்கமும் மாத்தி, உள்ள புகுந்த காத்தையும் எடுத்துடுங்க. சிந்துன ஆயில தண்ணி ஊத்தி கழுவுங்க, பெயிண்ட உரிச்சிடும்.

கேள்வி (சுவா சூ காங்): மலேசியா கெந்திங் மலையில இருந்து குடும்பத்தோட இறங்கும்போது பிரேக் பெடல் பஞ்சு மாதிரி கீழ போச்சு, உயிரே போச்சு. அரை மணி நேரம் நிறுத்தினதும் பழையபடி ஆயிடுச்சு. அப்ப ஒண்ணும் இல்லதானே?

பதில்: இருக்குங்க. ஆயில் கொதிச்சு உள்ள ஆவி வந்திருக்கு, ஆவிய அழுத்தினா அமுங்கிடும், அதான் பஞ்சு. பிரேக் ஆயில் காத்துல இருக்குற ஈரத்த இழுக்கும், நம்ம ஊர் ஈரம் தெரியும்ல. டாட் 3ங்கற ரக ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 205 டிகிரி தாங்கணும், ஈரம் ஏறினா 140தான். டாட் 4க்கு 230, ஈரத்தோட 155. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்திடுங்க. டாட் 5 மட்டும் சிலிக்கான், அத கலக்கவே கூடாது. இறக்கத்துல லோ கியர் போட்டு இஞ்சின புடிக்க விடுங்க, காலை பிரேக் மேல வெச்சே இறங்காதீங்க. சூடா இருக்குற டிஸ்க் மேல தண்ணி ஊத்துறது வேணவே வேணாம், வளைஞ்சுடும், விரிசலும் விடும்.

கேள்வி (ஜூரோங்): பிரேக் லைட் சுவிட்ச் மாத்தினதுல இருந்து நாலு வீலும் சூடு. காலையில நல்லா இருக்கு, ஓட ஓட இறுகுது.

பதில்: சுவிட்ச் பெடல முழுசா மேல வர விடல. பெடலுக்கு கொஞ்சம் ஃப்ரீ ப்ளே (சும்மா அசையுற இடம்) வேணும், இல்லன்னா ஆயில் விரிஞ்சா திரும்பிப் போக வழியே அடைஞ்சிடும். சுவிட்ச பின்னாடி தள்ளி அட்ஜஸ்ட் பண்ணுங்க, லைட் எரியுதான்னும் பாத்துக்குங்க.

கேள்வி (ஈசூன்): தினமும் பைக்குல மலேசியா ஜேபி (ஜொகூர் பாரு) போய் வரேன், எல்லைய தாண்டுற காஸ்வே ரோட்டு ஜாம்ல பின்னாடி டிஸ்க் கொதிக்குது.

பதில்: உங்க வலது கால் எங்க இருக்குன்னு பாருங்க ப்ரோ! ஜாம்ல பாதிப் பேர் பெடல் மேலயே பாதத்த வெச்சிருப்பாங்க, பெடல் உசரத்த இறக்கினாலே போதும். அப்புறமும் சூடுன்னா காலிப்பர் ஸ்லைடு பின்னுதான்.

கேள்வி (புக்கிட் பாத்தோக்): கம்பெனி லோரி, ஏர் பிரேக். ஒரு வீல் புகையுது, நானே கழட்டவா?

பதில்: வேண்டாம். சேம்பருக்குள்ள (வீல் பக்கத்துல இருக்குற பிரேக் டப்பா) இருக்குற ஸ்பிரிங் விட்டுச்சுன்னா ஆளையே கொன்னுடும். நிறுத்திட்டு ஆள கூப்பிடுங்க.

மறுபடி உட்லண்ட்ஸ் தம்பி: அண்ணே, கழட்டிட்டேன். மேல் பின் வழுக்கிட்டு வருது, கீழ் பின் அசையவே இல்ல. உள் பேட் பாதிக்கு மேல தேஞ்சு போச்சு.

பதில்: கிடைச்சுடுச்சு பாருங்க. சுத்தியல்ல அடிக்காதீங்க, துரு இளக்குற எண்ணெய் போட்டு ஊற விட்டு, முறுக்கி முறுக்கி வெளிய எடுங்க. ஓட்டைய சுத்தம் பண்ணி, ரப்பர் பூட் புதுசு போட்டு, சிலிக்கான் பிரேக் கிரீஸ் மட்டும் தடவுங்க, சாதா கிரீஸ் ரப்பர ஊத வெச்சிடும். இப்பதான் புது பேட், ரெண்டு பக்கமும். மாட்டினதும் கார நகத்துறதுக்கு முன்னாடி பெடல் கெட்டியாகுற வரைக்கும் மிதிங்க, மறந்துட்டு கிளம்பினா முதல் மிதில பெடல் தரைக்குப் போயிடும், பின்னாடி இருக்குற சுவர்தான் பிரேக். அந்த ஸ்லைடு பின்ன போட்டோ எடுத்து அனுப்புங்க, குழி விழுந்திருந்தா பின்னையே மாத்திடலாம்.